சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரும் ஐஸ் ஹவுஸ் விடுதியும்

விடுமுறைக்குச் சென்னை செல்லும் நம் குடும்பத்தார் கடற்கரையைக் காணாமல் திரும்புவதில்லை. திருவல்லிக்கேணிக் கடற்கரைச் சாலையில், மற்றக் கட்டடங்களின் சாயல் சிறிதும் இன்றி, வளைந்த முகப்புடன் நிற்கும் மாளிகை ஒன்றைப் பலரும் கண்டிருப்பர். அதற்கு இப்போது விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆயினும் அந்தப் பகுதியில் பஸ் ஏறுவோரும் இறங்குவோரும் இன்றளவும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்லுவர். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை அங்கே சேமித்து வைத்தார்கள் என்பதைப் பலர் அறிவர். சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதை அதனினும் பலர் அறிவர். ஆனால் இவ்விரண்டுக்கும் பின்னர் வந்த ஒரு காலத்தை அறிந்தவர் சிலரே. குழந்தைப் பருவத்தில் மணம் முடிக்கப்பெற்று, குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த பெண்கள் தங்கி உண்டு உறங்கிப் படித்த விடுதியாகவும் அக்கட்டடம் விளங்கிற்று. அவ்விடுதிக்குத் தாயாக விளங்கியவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்.

அம்மையாரின் வாழ்க்கையை எழுதப் பெரும் புலமை வேண்டும். பள்ளியிறுதி வகுப்போடு ஏட்டுப் படிப்பை நிறுத்திவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதி வரும் எனக்கு அப்புலமை இல்லை. எனினும் பெண் மக்களைப் பெற்று அவர்களைப் படிக்க வைக்கும் கடமையை உடையவர்களாகிய நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது என்னும் எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

பிறப்பும் இளமையும்

தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட ஓர் ஆசாரமான அந்தணர் குடும்பத்தில், சென்னை மயிலாப்பூரில், 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18ஆம் நாள் சுப்புலட்சுமி பிறந்தார். தந்தையார் ஆர். வி. சுப்பிரமணிய ஐயர், மாகாண அரசாங்கத்தின் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாயார் விசாலாட்சி அம்மையார். அவர்களுக்கு இவரே மூத்த மகள்.

சிறுமி படிப்பில் மிகுந்த கூர்மை உடையவளாய் இருந்தாள். நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில், ஒன்பதாம் வயதில், செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றாள். இக்காலத்தில் ஒரு பெண் குழந்தை இவ்வாறு தேறினால் பத்திரிகையில் படம் வரும்; அடுத்து எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பெற்றோர் கலந்து பேசுவர். அக்காலத்தில் அந்த வயதுப் பெண்ணின் வீட்டில் நடந்த பேச்சு வேறு. எந்த ஊரில் வரன் இருக்கிறது, ஜாதகம் பொருந்துகிறதா என்பதே பேச்சு. பெண் பருவம் எய்தும் முன்னர் மணம் முடித்தாக வேண்டும் என்பது அச்சமூகத்தின் கட்டுப்பாடு. அதை மீறும் துணிவு நல்ல உள்ளம் படைத்த தந்தையர்க்கும் இருந்ததில்லை.

சுப்புலட்சுமிக்கும் அவ்வாறே சிறு வயதில் மணம் நடந்தது. மணம் நடந்த குறுகிய காலத்தில் கணவன் இறந்துபோனான். வாழ்க்கை என்பது இன்னதென்று அறியாத பருவத்திலேயே அவள் கைம்பெண் ஆனாள்.

கைம்மை என்பது அந்நாளில் துயரம் மட்டும் அன்று. ஆயுள் தண்டனையும் ஆகும். தலை மழித்தல், நகை களைதல், ஒரு வேளை உணவு, மூலையில் இருப்பு, சுப காரியங்களில் முன் வரலாகாது என்னும் விதி, காலையில் எதிர்ப்பட்டால் அபசகுனம் என்று முகம் திருப்பும் அண்டை அயலார் ஆகிய இவை அனைத்தும் பத்து வயதுச் சிறுமிக்கும் உரியனவாக இருந்தன. பிறந்த வீட்டில் அவள் பாரம். புகுந்த வீட்டில் அவள் பாவி. அடுப்படியில் உழைப்பதற்கு மட்டும் அவள் கைகள் வேண்டியிருந்தன.

சுப்பிரமணிய ஐயர் தம் மகளை அம்மூலைக்கு அனுப்பவில்லை. அவள் தலையை மழிக்க அவர் இசையவில்லை. அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கவும் இல்லை. மாறாக, மேலும் படிக்க வைத்தார். ஆசாரத்தில் ஊறிய ஒரு குடும்பத் தலைவர் உற்றார் உறவினரின் ஏச்சைத் தாங்கிக்கொண்டு இவ்வாறு செய்தது எளிய செயல் அன்று. அம்மையாரின் பெருமையைப் பேசுவோர் முதலில் அத்தந்தையை வணங்குதல் தகும்.

சுப்புலட்சுமி கிறிஸ்தவக் கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்றார். தமக்கெனக் குடும்பம் இன்றிப் பிறர் குழந்தைகளுக்கே வாழ்நாளை ஈந்த அக்கன்னியரின் தொண்டு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தம் சமயத்தில் நின்றுகொண்டே அத்தகைய தொண்டைத் தாமும் செய்ய இயலும் என்று அவர் கண்டார். பிற்காலத்தில் நாடு முழுவதும் அவரைச் சகோதரி என்றே அழைத்தது.

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆண் மாணவர் நிறைந்த கல்லூரிக்கு ஓர் இளம் கைம்பெண் நாள்தோறும் சென்று வருவதென்றால், அக்காலத்துத் தெருவும் திண்ணையும் எவ்வாறு பேசியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அவற்றை எல்லாம் கடந்து 1911ஆம் ஆண்டு ஏப்ரலில் முதல் வகுப்பில் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி என்று அவர் போற்றப்படுகின்றார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

ஆசிரியை இல்லாத பள்ளிக்கூடம்

தாம் கரையேறியவுடன், கரையேறாதாரைத் திரும்பிப் பார்த்தவர் அம்மையார். அவருடைய தொண்டு எங்கே தொடங்கிற்று என்பதை விளங்கிக்கொள்ள, அக்காலத்துப் பெண் கல்வியில் இருந்த ஒரு முடிச்சை அறிதல் வேண்டும்.

அரசாங்கம் பெண்களுக்குப் பள்ளிகளைத் திறக்க விரும்பியது. ஆனால் ஆண் உபாத்தியாயர் கற்பிக்கும் பள்ளிக்குப் பெண்ணை அனுப்பப் பெற்றோர் விரும்பவில்லை. ஆகவே பெண் உபாத்தியாயர் வேண்டும். பெண் உபாத்தியாயர் வேண்டுமானால் பெண்கள் உயர் வகுப்பு வரையிலேனும் படித்திருக்க வேண்டும். ஆனால் இந்துப் பெண்களோ பத்துப் பன்னிரண்டு வயதில் மணமாகிப் புகுந்த வீடு சென்றுவிட்டனர். படித்த பெண் இல்லாமையால் பள்ளி இல்லை. பள்ளி இல்லாமையால் படித்த பெண் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி எது?

சமையலறை மூலையில் ஒடுங்கியிருந்த இளங்கைம்பெண்களே வழி என்று சிலர் கண்டனர். அவர்களுக்குக் குடும்ப வாழ்வின் கடமைகள் இல்லை. படிக்கக் காலம் உண்டு. அவர்களைப் படிப்பித்து ஆசிரியைகள் ஆக்கினால், அவர்களுக்கும் மானத்தோடு பிழைக்க ஒரு தொழில் கிடைக்கும். ஊர்ப் பெண் குழந்தைகளுக்கும் ஆசிரியை கிடைப்பார். அந்நாளில் பெண்கள் பள்ளிகளை மேற்பார்வையிடும் அதிகாரியாக இருந்த லிஞ்ச் என்னும் ஐரோப்பிய மாது இக்கருத்தில் ஊக்கம் கொண்டவர். அவரும் சுப்புலட்சுமி அம்மையாரும் சந்தித்தது தமிழ்நாட்டுப் பெண்களின் நற்பேறு எனலாம்.

இத்தகைய முயற்சிகள் இந்தியாவின் பிற பகுதிகளில் முன்னரே தோன்றியிருந்தன. பண்டித ரமாபாய் 1889ஆம் ஆண்டில் பம்பாயில் சாரதா சதனம் கண்டார். கார்வே அவர்கள் 1896ஆம் ஆண்டில் பூனாவில் கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்தார். ஆந்திர நாட்டில் வீரேசலிங்கம் பந்துலு 1881ஆம் ஆண்டிலேயே கைம்பெண் மறுமணம் நடத்திக் காட்டினார். தமிழர் வாழும் யாழ்ப்பாணத்தில் உடுவில் என்னும் ஊரில் அமெரிக்க மிஷனரிமார் 1824ஆம் ஆண்டிலேயே பெண்கள் தங்கிப் படிக்கும் பள்ளியைத் தொடங்கிவிட்டனர். ஆனால் மிஷனரிமார் விடுதிக்குத் தம் பெண்ணை அனுப்பச் சென்னையின் வைதிகக் குடும்பங்கள் அஞ்சின. மதம் மாற்றிவிடுவர் என்பது அச்சம். தங்களவர் ஒருவர், தங்கள் ஆசாரம் அறிந்தவர், பொறுப்பேற்றுக்கொண்டால் அன்றி அக்கதவு திறவாது.

எழும்பூர் வீட்டில் நால்வர்

1912ஆம் ஆண்டில் அம்மையார் சாரதா மகளிர் சங்கத்தை நிறுவினார். பெண்கள் ஒன்றுகூடிச் சொற்பொழிவு கேட்கவும், உலக விஷயங்களை அறியவும், வீண் மூட நம்பிக்கைகளை நீக்கவும் அச்சங்கம் ஏற்பட்டது. அக்காலத்திலேயே இளங்கைம்பெண்களுக்கான இல்லமும் உருவாயிற்று. அதற்கெனத் தனிக் கட்டடம் இல்லை. பெரு நிதியும் இல்லை. எழும்பூரில் இருந்த தம் தந்தையாரின் வீட்டிலேயே, நான்கு சிறு பெண்களைக் கொண்டு அம்மையார் அதைத் தொடங்கினார்.

இங்கே மற்றொருவரையும் நினைத்தல் வேண்டும். அம்மையாரின் சித்தி வாலாம்பாள் அவர்கள், தாயாரின் தங்கை. அவரும் இளம் வயதில் கணவனை இழந்தவரே. பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவது, நோய் வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பது, வீட்டை நினைத்து அழும் குழந்தையைத் தேற்றுவது ஆகிய பணிகளெல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. விடுதி என்றால் நாற்காலியில் அமர்ந்து கையொப்பம் இடும் ஒருவர் மட்டும் போதாது. சோறு சரியான வேளைக்கு வர வேண்டும். வீட்டில் ஒரு வேளை உணவும் வசவுமாக வளர்ந்த சிறுமிக்கு, வேளை தவறாமல் இலை போட்டுப் பரிமாறியதே முதற்பாடமாக அமைந்திருக்கும். அப்பாடத்தைக் கற்பித்தவர் இந்தச் சித்தி.

நால்வர் பலராயினர். தந்தையார் வீடு போதவில்லை. இல்லம் திருவல்லிக்கேணிக்குப் பெயர்ந்தது. பார்த்தசாரதி சுவாமி கோயிலைச் சுற்றி வைதிகர் நிறைந்த இடம் அது. கைம்பெண் ஒருத்தி எதிர்ப்பட்டாலே வீட்டுக்குள் திரும்பி ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படும் வழக்கம் உள்ள நாளில், கைம்பெண்கள் கூட்டமாகப் பள்ளிக்குச் செல்லும் காட்சியை அத்தெருக்கள் எளிதில் பொறுக்குமா? விரிந்த இடம் வேண்டும். தெருவின் கண்களிலிருந்து சற்று விலகியும் இருக்க வேண்டும். அப்போதுதான் கடற்கரை மாளிகை கிடைத்தது.

பனிக்கட்டி மாளிகை

அம்மாளிகையின் கதை விந்தையானது. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் என்பவர், தம் நாட்டில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பி விற்றவர். 1833ஆம் ஆண்டில் அவருடைய பனிக்கட்டி கல்கத்தாவுக்கு வந்தது. சென்னையில் அதைச் சேமிக்க 1842ஆம் ஆண்டில் இக்கட்டடம் எழுந்தது. உருகாமல் காக்கும்பொருட்டுத் தடித்த சுவர்களோடு கட்டப்பட்டது. பின்னர் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்தது. கடல் கடந்து வந்த பனிக்கட்டிக்கு மதிப்பு இல்லாமற் போயிற்று.

சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி, சாளரங்களும் தாழ்வாரங்களும் அமைத்து, மனிதர் வாழும் வீடாக மாற்றினார். நீதிபதி கெர்னன் நினைவாகக் கெர்னன் கோட்டை என்று பெயரிட்டார். மேனாடு சென்று திரும்பிய விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒன்பது நாட்கள் அங்கே தங்கினார். சுவாமி ராமகிருஷ்ணானந்தர் சில ஆண்டுகள் அங்கேயே மடம் நடத்தினார். பின்னர் அக்கட்டடம் கைமாறியது. 1917ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனைப் பெற்று, அம்மையாரின் இல்லத்துக்குப் பயன்படச் செய்தது.

பனிக்கட்டிக்காகக் கட்டிய சுவர்களுக்குள் பெண்களின் குரல் கேட்கத் தொடங்கிற்று. அதே சாலையில் வடக்கே மாநிலக் கல்லூரி, தெற்கே 1914ஆம் ஆண்டில் தோன்றிய ராணி மேரி மகளிர் கல்லூரி, எதிரே கடல். அடுப்பங்கரைச் சுவரைத் தவிர வேறொன்றும் கண்டிராத பெண்ணுக்கு அக்கடலைக் காண்பதே ஒரு கல்வி அன்றோ? அங்கிருந்து பள்ளிக்குச் சென்றனர். ஆசிரியப் பயிற்சி பெற்றனர். சிலர் கல்லூரிப் படிப்பும் படித்தனர். பின்னர் மாகாணத்தின் பல ஊர்களுக்கும் ஆசிரியைகளாகச் சென்றனர். அபசகுனம் என்று ஒதுக்கப்பட்ட அதே பெண்ணிடம், அகரம் கற்றுக்கொள்ள ஊரார் தம் குழந்தைகளை அனுப்பினர். எந்தப் பிரசாரத்தாலும் ஆகாத மாற்றம் அது.

ஐஸ் ஹவுஸுக்கு அருகில் இருந்த மீனவர் குப்பத்துக் குழந்தைகளையும் அம்மையார் மறக்கவில்லை. அவர்களுக்கென ஒரு பள்ளி ஏற்படச் செய்தார். 1920ஆம் ஆண்டில் அரசாங்கம் அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்து தங்கப் பதக்கம் அளித்தது.

கதவைத் திறந்த விதமும் அதற்குத் தந்த விலையும்

இனி ஒரு கேள்வியை மறைக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐஸ் ஹவுஸ் விடுதி அந்தணர் குலத்துக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மடி, ஆசாரம், விரதம் என்னும் வைதிக முறைகள் அங்கே காக்கப்பட்டன. மறுமணத்தை விடுதியின் நோக்கமாக அம்மையார் வைக்கவில்லை. கல்வியையும் தொழிலையுமே வைத்தார். சீர்திருத்தம் செய்ய வந்தவர் பழைய கட்டுப்பாடுகளை விடுதிக்குள் ஏன் காத்தார் என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர்.

காரணம் வெளிப்படை. பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டியவர்கள் அந்த வைதிகப் பெற்றோரே. அவர்கள் அனுப்பினால்தான் அவள் வருவாள். தங்கள் வீட்டில் உள்ள ஆசாரம் விடுதியிலும் இருக்கிறது என்று கண்டால்தான் அவர்கள் அனுப்புவர். ஒரு விதியை மீறினாலும் மறுநாளே மூட்டை கட்டி மகளை அழைத்துச் சென்றுவிடுவர். அவள் மீண்டும் அடுப்படி மூலைக்கே போவாள். ஆகவே உணவு முறையில் விட்டுக்கொடுத்துப் புத்தகத்தைக் காத்தார் அம்மையார். பூட்டியவர்களின் சாவியைக் கொண்டே பூட்டைத் திறந்தார் என்று சொல்லலாம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை அம்மையார் மட்டும் தரவில்லை. அந்தக் கதவுக்கு வெளியே நின்ற பெண்களும் தந்தனர். கைம்மைத் துயரம் ஒரு குலத்துக்கு மட்டும் உரியதன்று. கல்விப் பசியும் அவ்வாறே. வேளாளர் வீட்டிலும், நெசவாளர் வீட்டிலும், சேரியிலும் அவ்விரண்டும் இருந்தன. அப்பெண்களுக்கு ஐஸ் ஹவுஸில் இடம் இல்லை. இந்த உண்மையைச் சொல்வதால் அம்மையாரின் பெருமை குறைந்துவிடாது. சொல்லாமல் விட்டால் நம் கட்டுரைதான் குறைபடும்.

இக்குறை வேறு வழிகளில் நிரம்பிற்று. அம்மையாரின் சமகாலத்தவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களிடம் 1930ஆம் ஆண்டில் தேவதாசி குலத்துச் சிறுமியர் சிலர் அடைக்கலம் தேடி வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் விடுதி நகரில் கிடைக்காமையால், டாக்டர் அம்மையார் தாமே அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். குலமும் பிறப்பும் கேளாமல் அடைக்கலம் தந்த இல்லம் அது. ஐஸ் ஹவுஸ் ஒரு கதவைத் திறந்தது; அவ்வை இல்லம் அக்கதவின் நிலையையே அகலப்படுத்தியது. இருவரையும் ஒருங்கே போற்றுவதே நமக்கு அழகு.

பெருகிய பணிகள்

சுப்புலட்சுமி அம்மையாரும் ஐஸ் ஹவுஸோடு நின்றுவிடவில்லை. சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில், பெண்கள் தங்கிப் படிக்கும் உயர்நிலைப் பள்ளியாகச் சாரதா வித்யாலயம் தோன்றியது. பிற்காலத்தில் ராமகிருஷ்ண மிஷன் அதன் பொறுப்பை ஏற்றது. தியாகராய நகரில் அப்பெயர் தாங்கிய பள்ளிகளில் பயின்ற தாய்மார் நம் காலனியிலும் இருக்கக்கூடும்.

1922ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும் அதனோடு இணைந்த மாதிரிப் பள்ளியும் ஏற்பட்டன. மாகாணக் கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவியார் பெயரால் அமைந்த அக்கல்லூரிக்கு முதல் பிரின்சிபால் நம் அம்மையாரே. மூலையில் ஒதுங்கியிருக்க வேண்டியவள் என்று ஊரார் விதித்த ஒரு கைம்பெண், மாகாணத்தின் ஆசிரியைகளை உருவாக்கும் கல்லூரியின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தார்.

நோய்க்கு மருந்து தருவதோடு நோயின் வேரையும் களைய வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். குழந்தை மணம் இருக்கும்வரை குழந்தைக் கைம்பெண்களும் இருப்பர். ஆகவே மாதர் சங்கங்களோடு சேர்ந்து குழந்தை மணத்தை எதிர்த்தார். இப்பொருள் பற்றி ஆராய அரசாங்கம் அமைத்த ஜோஷி கமிட்டியின் முன் சாட்சியம் அளித்தார். 1929ஆம் ஆண்டில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் மண வயதைப் பதினான்கு என்றும் ஆணுக்குப் பதினெட்டு என்றும் வரையறுத்தது. 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஹர்பிலாஸ் சாரதா என்பவர் கொண்டுவந்த மசோதாவாதலால் அப்பெயர் பெற்றது. அம்மையாரின் சாரதா இல்லத்தின் பெயரோடு அது ஒத்துப்போனது தற்செயலே. பெண்ணின் மண வயது பின்னர்ப் படிப்படியாக உயர்ந்து 1978ஆம் ஆண்டில் பதினெட்டு ஆயிற்று.

அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றோர் பலர் சாய்வு நாற்காலியில் அமர்வர். அம்மையாரோ 1942ஆம் ஆண்டில் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில், வயது வந்த பெண்களுக்கென ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். பள்ளி செல்லும் வயதில் வாய்ப்பை இழந்தோர் பிற்காலத்திலேனும் படிக்கட்டும் என்பது நோக்கம். 1954ஆம் ஆண்டில் அதே சிற்றூரில் பெண்கள், குழந்தைகளின் நலனுக்கென ஒரு நிலையம் அமையத் துணைபுரிந்தார். மயிலாப்பூர் மகளிர் மன்றத்தார் பள்ளி தொடங்கியபோதும் உடன் நின்றார். 1956ஆம் ஆண்டில் வித்யா மந்திர் என்னும் பெயர் பெற்ற பள்ளி அதுவே. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1958ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது. மோனிகா பெல்டன் என்னும் ஆங்கில மாது அவர் வாழ்க்கையை நூலாக எழுதினார். 1966ஆம் ஆண்டில் அது வெளிவந்தது.

1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, எண்பத்து மூன்றாம் வயதில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். தமக்கெனக் குழந்தை இல்லாதவர். ஆயினும் அவரைத் தாயென எண்ணியவர் எத்தனையோ பேர்.

ஐஸ் ஹவுஸ் கட்டடம் பின்னரும் பல ஆண்டுகள் ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவியரின் விடுதியாகப் பயன்பட்டது. 1963ஆம் ஆண்டில், விவேகானந்தர் நூற்றாண்டின்போது, விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றது. 1997ஆம் ஆண்டில் ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்புக்கு வந்து, இப்போது கண்காட்சிக் கூடமாக விளங்குகிறது. அடுத்த முறை அங்கே செல்லும் நம் குடும்பத்தார், சுவாமிகளை வணங்கியபின், அந்தத் தாழ்வாரங்களில் புத்தகத்தோடு அமர்ந்திருந்த சிறு பெண்களையும் ஒரு கணம் நினைக்க வேண்டுகிறேன்.

நமக்கு உரிய பாடம்

இவ்வரலாற்றில் எனக்குத் தோன்றும் பாடம் ஒன்றே. பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று மேடையில் பேசுவது எளிது. ஊர் விட்டு ஊர் வந்து படிக்கும் பெண் இரவில் எங்கே தங்குவாள், யார் சோறிடுவார், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார், அவள் பெற்றோருக்கு யார் பதில் சொல்லுவார் என்னும் கேள்விகளுக்கு விடை சொல்வதே அரிது. அம்மையார் மேடைப் பேச்சோடு நிற்கவில்லை. தந்தையின் வீட்டுக் கதவைத் திறந்து, நால்வருக்கு இலை போட்டு, அவர்களுக்கு நானே பொறுப்பு என்று நின்றார். மற்றவை எல்லாம் அதன்பின் வந்தன.

நாம் வாழும் வைட்ஃபீல்டும் குடியேறியோர் அமைத்த ஊரே. 1882ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறி, தங்கள் தலைவர் ஒயிட் என்பவரின் பெயரை இட்டனர். அன்று அவர்கள் வந்தனர். பின்னர் நாம் வந்தோம். இன்று கணினி நிறுவனங்களை நாடித் தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து இளம் பெண்கள் நாள்தோறும் வருகின்றனர். நம் தெருக்களில் உள்ள பி.ஜி. விடுதிகளில் ஓர் அறையில் மூவர் நால்வராகத் தங்குகின்றனர். காலை வண்டியில் இறங்கும்போது அவர்கள் கையில் பெட்டியும் முகத்தில் சிறிது கலக்கமும் இருப்பதை நிலையத்தில் பணிபுரிவோர் அறிவர்.

அவர்களுக்குக் கைம்மைத் துயரம் இல்லை; படிப்புக்குத் தடையும் இல்லை. அம்மட்டில் காலம் நல்லதாயிற்று. ஆயினும் அவர்களை ஊரில் பிரிந்திருக்கும் பெற்றோரின் கவலை, எழும்பூர் வீட்டு வாசலில் மகளை விட்டுச் சென்ற தந்தையின் கவலைதான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்ல இயலாத பெண்ணை நம் வீட்டு இலைக்கு அழைக்கலாம். மருத்துவமனைக்குத் துணை வேண்டுமெனில் நம் தாய்மார் உடன் செல்லலாம். வீட்டு வேலைக்கென வந்து, பள்ளிக்கு அனுப்பப்படாமல் இருக்கும் சிறு பெண் எவளேனும் நம் காலனியில் இருப்பாளாயின், அவளைப் பள்ளியில் சேர்க்க நம் சங்கம் முன்வரலாம். இவற்றில் எவர் என்ன குலம், எந்த மாவட்டம் என்று கேட்க வேண்டுவதில்லை. ஐஸ் ஹவுஸ் கதவின் குறையை நாம் மீண்டும் சுமக்க வேண்டா.

ஆண்டு விழாவில் பாட்டும் நாடகமும் உண்டு; விருந்தும் உண்டு. அவற்றோடு இந்நற்செயலில் ஒன்றையேனும் இவ்வாண்டு நம் சங்கத்தார் மேற்கொள்வார்களாயின், சகோதரி சுப்புலட்சுமி அம்மையாருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலி அதுவே ஆகும்.

வாழ்க அம்மையார் புகழ்! வளர்க நம் பெண் மக்கள்!